ஒருவழி மரியாதை

“இக்காலப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது” என்னும் புலம்பல் நம் நாட்டிற் புதியதன்று. பரிசளிப்பு விழா மேடைகளிலும், கோயில் மண்டபங்களிலும், கலியாணப் பந்தல்களிலும் அது தவறாது ஒலிக்கின்றது. ஆசிரியரைக் கண்டால் எழுந்து நிற்பதில்லை. பஸ்ஸில் முதியோருக்கு இடங்கொடுப்பதில்லை. பெரியோர் பேசும்போது கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்று குற்றப்பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் உண்மை இல்லையென்று நான் வாதிட வரவில்லை. முதியவருக்கு இடங்கொடாத இளைஞன் கண்டிக்கத்தக்கவனே. ஆயினும், பண்டைய பண்பாடு அழிந்ததே என்று கண்ணீர் வடிப்போரை ஒரு கேள்வி கேட்டேயாக வேண்டும். அந்தப் பண்பாட்டிலே மரியாதையைக் கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்?

யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாறு இதற்கு விடை கூறும். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த கிழவர், நிலவுடைமையாளரின் முற்றத்திலே, தோளிற் கிடந்த சால்வையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு, “நயினார்” என்று விளித்து நிற்பார். அவருடைய பேரன் வயதினனான அவ்வீட்டுச் சிறுவன் அவரைப் பெயர் சொல்லி, “நீ” என்று அழைப்பான். தேநீர்க் கடையின் உள்ளே அவருக்கு இருக்கை இல்லை. வெளியே நின்ற அவருக்குப் போத்தலிலோ தகரப்பேணியிலோ தேநீர் வார்க்கப்பட்டது. இக்காலத்தைத்தான் மரியாதை நிறைந்த காலம் என்கின்றனர்! நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். இந்த மரியாதையோ பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மட்டுமே ஓடியது.

இந்த ஓட்டத்தை மாற்ற முனைந்தபோது நிகழ்ந்தது என்ன? 1930ஆம் ஆண்டையொட்டி, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பாடசாலையில் ஒரே வரிசை வாங்கில் அமரலாம் என்னும் சம ஆசன ஏற்பாடு வந்தது. சாதிமான்கள் கொதித்தெழுந்தனர், பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957இல், கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டமும் அவற்றைத் திறக்க வேண்டியிருந்தன. தேநீர்க் கடைக்குள் நுழைந்து கதிரையில் அமர்ந்த இளைஞனே அன்றைய கனவான்களுக்கு மரியாதை கெட்டவனாகத் தோன்றினான். சமத்துவம் நாடி எடுத்துவைக்கப்படும் ஒவ்வோர் அடியும் முதலில் மரியாதைக் குறைவு என்றே பெயர் பெறுகின்றது.

கதவுகள் திறந்தன, நாவு திறந்ததா? இன்று எந்த அலுவலகத்துக்கும் சென்று பாருங்கள். காற்சட்டை அணிந்தவர் வந்தால் “இருங்கோ” என்னும் அதே வாய், சாறம் உடுத்தவர் வந்தால் “நில்” என்கின்றது. வீதி கூட்டும் பெண், தாய் வயதினளாயினும், “நீ”யாகவே இருக்கின்றாள். மலையகத் தமிழர் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அக்குறையைத் தீர்க்க 2003 வரையிலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. ஆனால், தாளில் நீங்கிய இழிவை நாவிலே நிலைநிறுத்த “தோட்டக்காட்டான்” என்னும் சொல் இன்னும் உயிரோடிருக்கின்றது. அதைச் சொல்வோரிற் படித்தவர்களும் உளர் என்பது நம் கல்விக்கே இழுக்கு.

“இது தமிழ் மொழியின் இயல்பு, இலக்கணத்தை மாற்ற முடியுமா?” என்று சிலர் கேட்பர். இலக்கணத்தையே கேட்போம். ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் வந்த உயர்த்திச் சொல்லும் முறையேயன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விளக்கிச் சென்றார். அதாவது, யாரை உயர்த்துவது, யாரைத் தாழ்த்துவது என்பதை மொழி விதிக்கவில்லை, சமுதாயம் விதித்தது. “நீ”, “நீர்”, “நீங்கள்” என்று யாழ்ப்பாணத்துப் பேச்சிலே நாம் ஏறியிறங்கும் படிகள் சமுதாயம் கட்டிய படிகள். மனிதர் கட்டியதை மனிதர் இடிக்கலாம்.

“‘நீ’ அன்பின் சொல் அல்லவா? தாயையும் தோழனையும் கடவுளையும் அப்படித்தானே அழைக்கின்றோம்?” என்பது மற்றொரு வாதம். இதற்கு எளிய உரைகல் ஒன்றுண்டு. நீர் “நீ” என்று அழைக்கும் ஒருவர் உம்மைத் திருப்பி “நீ” என்றால் உமக்குக் கோபம் வருமா? வராதெனில் அது அன்பு. வருமெனில் அது ஆதிக்கம். தோழர் இருவரிடையே அச்சொல் இருபுறமும் செல்கின்றது. முதலாளிக்கும் கூலியாளுக்குமிடையே ஒருபுறமே செல்கின்றது.

இனி, நம் முகாமைச் சேர்ந்தோருக்கும் ஒரு வார்த்தை. மரியாதையும் உபசாரமும் பூர்ஷ்வாக்களின் மேற்பூச்சு. சுரண்டல் ஒழிந்தால் இவையெல்லாம் தாமே சீராகும் என்று கூறும் முற்போக்காளர் உளர். மேடையிலே தொழிலாளர் வர்க்கத்தை வாழ்த்திவிட்டு, கூட்டம் முடிந்ததும் தேநீர் கொண்டுவரும் பையனை “டேய்” என்று அதட்டுபவரும் அவருள் உளர். தொழிலாளர் இதனை அற்பமாகக் கருதினரா? ருஷ்ய மொழியிலும் தமிழைப் போலவே “நீ”, “நீங்கள்” என்னும் வேறுபாடு உண்டு. 1912இல் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கங்களில், கெட்ட இறைச்சி வழங்கப்பட்டதைத் தொடர்ந்து வேலைநிறுத்தம் மூண்டது. எட்டு மணிநேர வேலையையும் ஊதிய உயர்வையும் கோரிய அத்தொழிலாளர், நிர்வாகத்தினர் தம்மை “நீ” என்னாது “நீங்கள்” என்று அழைக்கவேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். அவர்கள் மீது படையினர் சுட்டதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1917 மார்ச்சில் பெத்ரோகிராட் சோவியத்து வெளியிட்ட முதலாம் இலக்கக் கட்டளை, அதிகாரிகள் போர்வீரரை “நீ” என விளிப்பதைத் தடைசெய்தது. அதிகாரிகளுக்குரிய பெருமைப் பட்டங்களையும் ஒழித்தது. பசித்த வயிற்றினரும் போர்க்களத்தில் நின்றவரும் அற்பம் என்று தள்ளாத ஒன்றை, சாய்வுநாற்காலியில் அமர்ந்து நாம் அற்பம் என்று தள்ளுவதா?

ஆசிரியர்களாகிய நமக்கு இதிற் பெரும் பொறுப்புண்டு. வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் பண்புடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இரண்டையும் மாணவரைக் கொண்டு மனனஞ் செய்விக்கின்றோம். பொருள் எழுதுவித்துப் புள்ளியும் இடுகின்றோம். அவ்வகுப்பறையின் வாயிலிலே, தண்ணீர்க் குடத்துடன் செல்லும் பாடசாலைச் சிற்றூழியரை நாம் எவ்வாறு அழைக்கின்றோம்? அம்மாணவருக்கு அதுவே உண்மையான பாடம். பிள்ளையின் குறையைக் கேட்க அழைக்கப்பட்ட கூலித் தொழிலாளியான தந்தை, அதிபரின் மேசை முன்னே நிற்கின்றார். அருகிலே வெறுங் கதிரை கிடக்கின்றது; “இருங்கள்” என்று ஒருவரும் சொல்வதில்லை. தந்தையின் பின்னே நிற்கும் பிள்ளை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கின்றான். தன் தந்தை மனிதருக்குட் குறைந்த மனிதர் என்று அன்று அவன் கற்றதை எந்தப் பாடநூல் மாற்றும்? அப்பிள்ளை நாளை எழுந்து நிற்க மறுத்தால், அதனை மரியாதைக்கேடு என்பதா? நாம் கற்பித்ததை அவன் ஒப்புவிக்கின்றான் என்பதா?

ஆகவே செய்யவேண்டியது தெளிவு. பாடசாலையிற் பணிபுரியும் ஒவ்வொருவரையும், அவர் எத்தொழில் செய்பவராயினும், மாணவரும் ஆசிரியரும் “நீங்கள்” என்றே விளிப்போமாக. பெற்றோர் எவர் வரினும் முதலிற் கதிரையை நகர்த்துவோமாக. பிறந்த சாதியையோ, ஊரையோ இழிவுக்குறியாக்கும் சொல் ஆசிரியர் அறையில் எழுந்தால் சிரித்து மழுப்பாமல், அங்கேயே மறுத்துரைப்போமாக. மாணவ நண்பர்களே, நீங்களும் பெரியோருக்கு எழுந்து நில்லுங்கள். ஆனால் அதிபருக்கு மட்டுமன்றி, உங்கள் வகுப்பறையைக் கூட்டும் அம்மாவுக்கும் எழுந்து நில்லுங்கள்.

இவற்றால் நிலம் பங்கிடப்படாது, கூலி உயராது என்பதை அறிவேன். அவற்றுக்கான போராட்டம் வேறு, அது தொடரவேண்டும். ஆனால், நாளை நம்மோடு தோளோடு தோள் நின்று போராட வேண்டியவரை இன்று “நீ” என்று தள்ளி நிறுத்திவிட்டு, எந்த முகத்துடன் அவரைத் தோழர் என்று அழைக்கப்போகின்றோம்?