வரிசை அறிந்த கை

விபத்து நேர்ந்த இடத்தில் நம் மக்களிடம் இரக்கத்திற்குப் பஞ்சமில்லை. ஓடி வருகிறார்கள், தூக்கி உட்காரவைக்கிறார்கள், வாயில் நீர் ஊற்றுகிறார்கள். இவற்றுள் பின்னிரண்டும் உயிருக்கே கேடாகலாம். முதுகெலும்பு முறிந்தவரை முறையின்றித் தூக்கினால் தண்டுவடம் சிதையக்கூடும். நினைவிழந்தவருக்குப் புகட்டும் நீர் மூச்சுக்குழலுள் புகக்கூடும்.

விபத்துக் காயச் சிகிச்சையில் செவிலியர் கற்கும் முதற்பாடம் வரிசைமுறையே. பீறிடும் குருதியை உடனே அழுத்தி நிறுத்த வேண்டும். பின்னர்க் கழுத்தை அசைக்காமல் மூச்சுப்பாதையைச் சீராக்குதல், சுவாசத்தை உறுதிசெய்தல், குருதியோட்டத்தைக் காத்தல், நினைவுநிலையை அறிதல், உடல் முழுவதையும் ஆராய்ந்து குளிர் தாக்காமல் போர்த்துதல் என அது படிப்படியாகச் செல்லும். காண்போரை அச்சுறுத்தும் எலும்பு முறிவைவிட, ஓசையின்றி அடைபடும் மூச்சு விரைவில் உயிரைப் பறித்துவிடும். ஆகவேதான், அலறுபவரைவிட அசைவற்றுக் கிடப்பவரைச் செவிலியர் முதலில் நாடுகின்றார்.

இவ்வறிவு செவிலியர் கல்லூரிக்குள் மட்டும் நின்றுவிடலாகாது. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி உண்டு. 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் காயமுற்றோர் முதல் 48 மணிநேரம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். நல்லெண்ணத்துடன் உதவுவோரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் காக்கிறது. ஆயினும், ஊர்தி வந்துசேரும் வரையிலான நிமிடங்களுக்கு அருகில் நிற்பவரே பொறுப்பு.

பாடச்சுமை கூடுமே எனச் சிலர் தயங்கலாம். குருதிப்பெருக்கை அழுத்தி நிறுத்தவும், செய்யத்தகாதன எவை என அறியவும் ஒரு பிற்பகல் போதும். மேல்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் அப்பயிற்சியைப் பள்ளியே அளித்தல் வேண்டும். இரக்கம் நம்மிடம் முன்னரே உள்ளது. அதற்கு முறையைக் கற்பிப்பதே கல்வியின் கடன்.