விருந்தினரோடு ஊர் காண்பது

வெளியூரிலிருந்து உறவினர் வந்திறங்கிய மாத்திரத்தில், மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம், அழகர்கோயில் ஆகிய அனைத்தையும் ஒரே பகலில் காட்டி முடித்துவிட வேண்டுமென்று மதுரைத் தம்பதிகள் கொள்ளும் வேகம், அன்பிலிருந்தே பிறப்பதாயினும், வந்தவர்களுக்குக் களைப்பைத் தவிர வேறொன்றையும் அளிப்பதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கென்றே ஒரு காலைப்பொழுது முழுவதையும் ஒதுக்கிவிட்டு, மற்றொரு நாள் விடியற்காலையில், நகரத்துக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணர் மலைக்கு அவர்களை அழைத்துச் செல்லுதல் உசிதம். அடிவாரத்தில் தாமரைத் தடாகமும், ஆலமர நிழலும், அய்யனார் கோயிலும் இருப்பதால், படியேற இயலாத அத்தையும் மாமாவும் அங்கேயே சௌகரியமாக அமர்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்; ஏறக்கூடியவர்களோ, மலைமீதுள்ள பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தை அடைந்து, ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன்னர் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் வட்டெழுத்துச் சாசனங்களையும் நிதானமாகத் தரிசிக்கலாம். அதே மலையின் மற்றொரு பக்கத்தில், செட்டிப்புடவு என்னும் குகையருகே வீற்றிருக்கும் பெரிய தீர்த்தங்கரரின் முகத்தில் தவழும் சாந்தத்தை, பிரசித்தி பெற்ற எந்தச் சிற்பத்துக்கும் குறைந்ததாக நான் கருதவில்லை.

மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுள்ளும் இம்மலையைக் காணாதவர் அநேகர். ஆதலால் விருந்தினரை வியாஜமாகக் கொண்டு கணவனும் மனைவியும் தம் ஊரையே புதிதாய் அறிகின்ற பாக்கியமும் இதில் உண்டு. கோடையில் பாறை சீக்கிரம் கொதித்துவிடுமாதலால், குடிநீரைக் கையோடு கொண்டுபோய், வெயிலேறுமுன் இறங்கிவிடுதல் அவசியம்.