பத்து வயதில் தீர்ப்பு

'ஜெர்மனியில படிப்பு இலவசம்.' வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள்பிடிக்கிற முகவர்கள் இதைச் சொல்றாங்க. நம்ம முற்போக்குத் தோழர்களும் மேடை போட்டுச் சொல்றாங்க. பொய்யில்லை. 2006 வாக்கில் சில மாநிலங்கள் அரையாண்டுக்கு 500 யூரோ வரை பல்கலைக்கழகக் கட்டணம் வாங்க ஆரம்பித்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்து சண்டை போட்டார்கள். 2014இல் கடைசி மாநிலமும் அதைக் கைவிட்டது. போராடி வாங்கிய உரிமை, மதிக்கிறோம். (2017இல் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் அய்ரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேருகிற மாணவர்களிடம் மட்டும் 1500 யூரோ கேட்க ஆரம்பித்தது. முகவர் இதைச் சத்தமாச் சொல்ல மாட்டார்.)

சரி, அந்த இலவச வாசல் வரைக்கும் யார் வந்து சேருறாங்க? 2021இல் வந்த உயர்கல்வி அறிக்கை ஒன்று கணக்குச் சொல்கிறது. பட்டம் படித்த பெற்றோரின் பிள்ளைகள் நூறு பேரில் 79 பேர் பல்கலைக்கழகத்துக்குள் போகிறார்கள். படிக்காதவர் பிள்ளைகளில் 27 பேர். கட்டணமே இல்லாத நாட்டில்!

கதை பள்ளியில் இருக்கிறது. அங்கே கல்வி 16 மாநிலங்களின் அதிகாரம். பெர்லினும் பிராண்டன்பர்க்கும் ஆறாண்டு தொடக்கப்பள்ளி வைத்திருக்கின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில் நான்காம் வகுப்போடு பிரிக்கிறார்கள். பிள்ளைக்கு வயது பத்து. ஒரு சாரார் கிம்னாசியம். அங்கே 'அபிட்டூர்' தேர்வு எழுதினால் பல்கலைக்கழகம். நடுவிலே உள்ளவர்களுக்கு ரியால்ஷூல், பத்தாம் வகுப்போடு எழுத்தர், தொழில்நுட்ப வேலை. மிச்சம் மீதிக்கு ஹாப்ட்ஷூல், ஒன்பதோடு பட்டறை. பவேரியாவில் இதற்கு எண்ணே வைத்திருக்கிறார்கள். ஒன்று என்பதுதான் அங்கே உயர்ந்த மதிப்பெண். மூன்று பாடங்களின் சராசரி 2.33க்குள் இருந்தால் கிம்னாசியம், 2.66க்குள் இருந்தால் ரியால்ஷூல். பால்பல் விழுந்து முடியாத பிள்ளைக்குத் தசமப்புள்ளியில் தலையெழுத்து.

'திறமைக்குத்தானே மதிப்பெண்' என்பார்கள். இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? ஒரே அளவு வாசிப்புத் திறன் உள்ள இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு ஆய்ந்து பார்த்தார்கள். உயர் அலுவலர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரின் கிம்னாசியப் பரிந்துரை கிடைக்கும் வாய்ப்பு தொழிலாளி வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆசிரியரைக் கேட்டால், 'வீட்டில் உதவி செய்ய ஆளில்லை, பிள்ளை திணறும்' என்பார். இரக்கம்தான். அந்த இரக்கம் எத்தனை பேரைக் கீழே உட்கார வைத்தது என்பதுதான் என் கேள்வி. பிறகு மாறிக்கொள்ளலாமே என்கிறார்கள். மாறலாம்தான். ஆனால் ஏறியவர்களைவிட இறக்கப்பட்டவர்களே அதிகம்.

இதைச் சாதி என்று நான் சொல்ல வரவில்லை. சாதி வேறு, அதன் கொடுமை வேறு. ஆனால் அடுக்கு வைத்து ஆளைப் பிரிக்கிறவன் என்னவெல்லாம் பேசுவான் என்பது நமக்குத் தெரிஞ்ச பாஷை.

1920 வரைக்கும் பணக்காரப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே தனி ஆயத்தப்பள்ளி இருந்தது. வைமார் குடியரசு சட்டம் போட்டு நாலு வருசமாவது எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும் என்றது. அந்த நாலு வருசம் நூறாண்டு கழித்தும் பெரும்பாலான மாநிலங்களில் நாலாகவே நிற்கிறது. 1947இல் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு, இந்த அடுக்கை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவான பள்ளியைக் கட்டுங்கள் என்று ஆணையிட்டது. ஹிட்லரிடம் தோற்காத நாடுகள் பவேரியாவின் கல்வி அமைச்சர் ஹுண்டாமரிடம் தோற்றுப்போயின.

தொழிற்பயிற்சி முறையைக் காட்டி வாயை அடைப்பார்கள். வாரத்தில் சில நாள் பட்டறை, சில நாள் பள்ளி, கையில் சம்பளம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. 2014இல் ஒரே தகுதி, ஒரே மதிப்பெண்ணோடு ஜெர்மன் பெயரிலும் துருக்கிப் பெயரிலும் பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். துருக்கிப் பெயருக்கு அழைப்பு குறைவு. 1961இல் ஒப்பந்தம் போட்டு ஆலைக்கும் சுரங்கத்துக்கும் கூப்பிட்டுக்கொண்டு வந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பெயரைப் பார்த்து ஆளை எடை போடுவது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மூன்று படிக்கும் கீழே இன்னொன்று உண்டு. சிறப்புப் பள்ளி. அங்கிருந்து வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோரிடம் ஹாப்ட்ஷூல் சான்றிதழ்கூட இருக்காது. 1933இல் நாஜிகள் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டபோது இந்தப் பள்ளிகளின் பழைய வடிவத்தில் படித்த பிள்ளைகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். சிந்தி, ரோமா மக்களை முகாம்களில் கொன்றார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் போருக்குப் பிறகு பள்ளிக்கு வந்தபோது, பலரை 'மந்தம்' என்று முத்திரை குத்தி அனுப்பியது அதே வகைப் பள்ளிகளுக்குத்தான். இதைப் பற்றி எந்த முகவர் பேசுவார்? எந்தத் தோழர் பேசுவார்?

2001 டிசம்பரில் பீசா ஆய்வு முடிவு வந்து நாடே அதிர்ந்தது. பெற்றோரின் நிலைமை பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது கலந்துகொண்ட நாடுகளிலேயே ஜெர்மனியில்தான் மிக வலுவாக இருந்தது. 2006இல் அய்.நா.வின் கல்வி உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளர் வெர்னோர் முன்யோஸ் போய்ப் பார்த்தார். கோஸ்டாரிகாக்காரர். சின்ன வயதில் பிரிப்பதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று எழுதினார். சில நாள் சுற்றிப் பார்த்தவருக்கு எங்கள் அமைப்பு என்ன புரியும் என்று எரிச்சல்பட்டார்கள். அறிவுரை மேலிருந்து கீழேதானே போக வேண்டும்!

அதற்குப் பிறகு ஹாப்ட்ஷூல் பெயர் பல மாநிலங்களில் மறைந்தது. ரியால்ஷூலோடு சேர்த்து வேறு பெயர் வைத்தார்கள். கிம்னாசியத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. ஹாம்பர்க் ஒருமுறை லேசாகத் தொட்டுப் பார்த்தது. தொடக்கப்பள்ளியை நாலிலிருந்து ஆறு ஆண்டாக்கலாம் என்று நகரசபையின் எல்லாக் கட்சிகளும் ஒத்துக்கொண்டன. இரண்டே வருசம். வசதியான வட்டாரத்துப் பெற்றோர்கள் 'நாங்கள் கற்க விரும்புகிறோம்' என்று இயக்கம் கட்டினார்கள். 2010 ஜூலை 18இல் வாக்கெடுப்பு. பணக்காரப் பகுதிகளில் கூட்டமாக வந்து வாக்களித்தார்கள். ஏழைப் பகுதிகளில் வாக்குப்பதிவு குறைவு. திட்டம் தோற்றது. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் படித்தும், ஜெர்மன் குடியுரிமை இல்லாத காரணத்தால் துருக்கியிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்து அங்கேயே குடியிருந்த ஆயிரக்கணக்கான பெற்றோர்களுக்கு அன்றைக்கு வாக்கே இல்லை.