வாத்தியாருக்கு நாம் பட்ட கடன்



நம் இரவுப் பள்ளி வாத்தியார் பக்கவாதத்தில் விழுந்து மூன்று மாதமாகிறது. ரேஷன் கார்டு மனுவா, மராத்தியில் வந்த நோட்டீசா, எதற்கும் நாம் அவர் வாசலில்தான் நின்றோம். ஒரு பைசா வாங்கியதில்லை. இன்று அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வயதான வீட்டம்மாவால் முடியவில்லை. முதுகில் புண் கண்டுவிட்டது.

அரசு பார்க்காதா என்கிறார்கள் சிலர். 2024 முதல் 70 வயதானோர்க்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் காப்பீடு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அது. வீட்டில் வந்து கவனிக்கும் ஆளுக்கு அதில் காசு கிடையாது. ஏழை முதியோருக்கு மத்திய அரசு தரும் பென்ஷனோ, 79 வயது வரை மாதம் 200 ரூபாய்தான்!

ஒருநாள் உண்டியல் குலுக்கிக் கலைந்தால் போதாது. இது மாதாமாதம் வரும் செலவு. 200 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 20,000 ரூபாய் சேரும். பகல் நேரத்துக்கு ஓர் ஆள் வைக்கலாம். ரசீது உண்டு. வரவு செலவு சங்கப் பலகையில் ஒட்டப்படும். பணமில்லாதவர் ஓர் இரவு கண்விழித்துத் துணையிருக்கட்டும்; அதுவும் சந்தாவே.

வீட்டுப் பராமரிப்புக்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று கோரிக்கை வைப்போம், போராடுவோம். அதுவரை வாத்தியாரைக் காக்கவைக்கலாமா? சம்பள நாளன்று முதல் நூறு ரூபாயை அவருக்கென எடுத்து வையுங்கள்!