பேனலின் முதுகையும் பாருங்கள்

கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருவுக்குத் தெரு மொட்டைமாடிகளில் சோலார் பேனல் ஏறிவருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பேனல் போட்டவர்கள் கண்ணாடியைத் தவறாமல் கழுவுகிறார்கள். குனிந்து பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

சிதம்பரத்தில் அக்கா வீட்டு இன்வெர்ட்டர் மார்கழிக் காலைகளில் மட்டும் மக்கர் செய்தது. ‘ஐசோலேஷன்’ (மின்காப்பு) பழுது என்று காட்டி நின்றுவிடும். வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் தானாக ஓடும். “அதான் அப்புறம் சரியாயிடுதேப்பா, விடு” என்றாள் அக்கா. விடக்கூடாத பழுது அது. எலக்ட்ரீஷியன் தேடிப் பார்த்ததில் ஒரு பேனலின் பின்தாளில் விரல் நீளத்துக்குக் கீறல். மேலே ஏற்றும்போது ஏதோ இரும்பு முனை உரசியிருக்கிறது.

பல பேனல்களில் செல்களுக்கு முன்னால் கண்ணாடி, பின்னால் பல அடுக்கு பிளாஸ்டிக் தாள். அதன் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இராது. ஈரத்தைத் தடுப்பதும், உள்ளே ஓடும் மின்சாரம் வெளியே கசியாமல் காப்பதும் அந்தத் தாள்தான். தொடராக இணைத்த பேனல்களில் சில நூறு வோல்ட் டிசி நிற்கும். கீறல் வழியே ஈரம் புகுந்தால் மின்சாரம் உலோகச் சட்டத்துக்குக் கசியலாம். செல்களை இணைக்கும் உலோகப் பட்டையும் அரிக்கும். நம் கரையோர உப்புக்காற்று அந்த அரிப்பை விரைவாக்கும்.

மேலோட்டமான சிராய்ப்பு என்றால் கவலை இல்லை. உள்ளடுக்கு தெரிந்தால் அடைக்க வேண்டும். அதை நாமே செய்யக் கூடாது: ஐசோலேட்டர் சுவிட்சை அணைத்தாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும். முதலில் படம் எடுத்து, பேனல் போட்டுக்கொடுத்தவரிடம் காட்டுங்கள். கேட்காமல் கைவைத்தால் வாரண்டி போகலாம். அவர் சம்மதித்தால், தெரிந்தவர் இணைப்பைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பின்தாளுக்கென்றே வரும் டேப்பைக் கீறலைத் தாண்டி நாலாபுறமும் படியும்படி ஒட்டுவார். சிலிக்கான் பூசுவதானால் ‘நியூட்ரல்’ வகை வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் உரிந்துவிடும். ஒட்டியபின் மெக்கர் கருவி வைத்துக் காப்புத் தடையை அளந்தே மறுபடி இணைக்க வேண்டும். அக்கா வீட்டுக் கீறல் இப்படித்தான் அடைபட்டது.

உள்ளே உலோகப் பட்டை தெரிந்தாலோ, கருகியிருந்தாலோ, தாள் முழுக்க வெடிப்பு ஓடியிருந்தாலோ ஒட்டுப் போடுவது ஆபத்து. அந்தப் பேனலை மாற்றத்தான் வேண்டும். 2010-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வந்த பாலிஅமைடு பின்தாள்கள் பல நாடுகளில் தாமாகவே வெடித்தன. அது தயாரிப்புக் குறை, டேப்புக்கு அடங்காது.

மானியத் திட்டத்தில் பேனல் அமைப்பவருக்கு 5 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பு உண்டு. அந்தப் பராமரிப்பில் பின்தாளைப் பார்ப்பதையும் மெக்கர் சோதனையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயலைத் தாங்கிய மாவட்டம் இது. ஐப்பசி மழைக்கு முன் கூரையைச் சரிபார்க்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூரையைப் பார்க்கும் அதே வாரத்தில் பேனலின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு துண்டு டேப்பில் முடியும் வேலையை, பேனலையே மாற்றும் செலவாக வளரவிட வேண்டாம்.