மன்னாரும் வரி கட்டுகிறது

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று 2022 ஏப்ரலில் இலங்கை அறிவித்த பிறகு ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. மக்கள் வரி கட்டவில்லை, அதனால் அரசு நலிந்தது, எனவே வசூலைக் கடுமையாக்க வேண்டும் என்பது அந்த வாதம். வட மாகாணத்தின் மன்னாரை நோக்கித் திரும்பும்போது அது இன்னும் கூர்மையாகிறது. கொடுப்பது கொழும்பு, வாங்குவது வடக்கு என்கிறார்கள். போருக்குள் வளர்ந்தவர்களுக்கு வரிப் பழக்கமே இல்லை என்கிறார்கள். நாட்டுக்கு வரி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு கூறும் பிழையானது.

"மன்னார் மக்கள் வரி கட்டுவதில்லை."

வருமான வரி ஒன்றுதான் வரி என்று எண்ணுவோர் சொல்வது இது. இலங்கையின் வரி வருவாயில் பெரும்பகுதி நீண்டகாலமாகப் பொருட்கள், சேவைகள், இறக்குமதி ஆகியவற்றின் மீதான வரிகளிலிருந்தே வருகிறது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த டீசலும் சமையல் எரிவாயுவும் அப்போது அதற்குள் வந்தன. மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு குடும்பம் சிலிண்டர் வாங்கும்போதும், மீன் ஏற்றிய கூலர் லொறி கொழும்புக்குப் புறப்படும்போதும் வரி கொடுக்கப்படுகிறது. கொழும்புச் செல்வந்தரும் தலைமன்னார்க் கடற்றொழிலாளியும் ஒரே வீதத்தில் கொடுக்கிறார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் அது எவருக்கு அதிகம் வலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"அவர்களுக்குக் கொடுக்கும் பழக்கமே இல்லை."

வடக்குக் கரையில் மீன் விற்ற காசில் ஒரு பங்கைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கழித்துக்கொள்வது பழைய வழக்கம். கடனுக்கும் ஆபத்து உதவிக்கும் ஊர்ப் பொதுத் தேவைக்கும் அந்தப் பணம் போகிறது. கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்படும். தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். தேவாலயத் திருவிழாவுக்கும் ஊர் இதே போலத்தான் பணம் திரட்டுகிறது. பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் இந்த மக்கள் கொடுக்கிறார்கள்.

"வசூலிக்கும் வலு அரசுக்கு இல்லை."

இந்தக் கரையில் அரசுக்கு அந்த வலு பிரித்தானியர் காலத்திலேயே இருந்தது. ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் கட்டிய மாளிகை இன்றும் இடிபாடாக நிற்கிறது. 1905ஆம் ஆண்டின் பெரும் முத்துக்குளிப்பில் சிப்பிகளின் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போனது. மூச்சடக்கிக் குளித்தவர்களுக்கு எஞ்சிய ஒரு பங்குதான். மறு ஆண்டே முத்துப் படுகைகள் 20 ஆண்டுக் குத்தகைக்கு லண்டன் நிறுவனமொன்றிடம் விடப்பட்டன.

அண்மைய வருவாய் வீழ்ச்சியும் வலுவின்மையால் வந்ததன்று. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக அரசே குறைத்தது. பதிவு வரம்பையும் ஆண்டுக்கு 30 கோடி ரூபாய் வியாபாரம் வரை உயர்த்தியது. 2021இல் வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நெருக்கடிக்கு ஆட்சியாளர்கள் பொறுப்பென்றும், அவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்றும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரியை விட்டுக்கொடுத்தது மேலிடம். அதற்கான பழி மட்டும் கரையோரத்தின் மீது விழுகிறது.

"முதலில் கட்டுங்கள், பிறகு கேளுங்கள்."

வீடு, காணி மீதான சோலை வரி உள்ளூராட்சி சபைகளுக்கு உரியது. குடிமகன் தன் பணம் தெருவிளக்காகவும் வடிகாலாகவும் மாறுவதைக் கண்ணால் பார்க்கக்கூடிய வரி இதுதான். ஆனால் 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. அது உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், 2025 மே மாதம்தான் நாடு வாக்களித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சபைகள் பிரதிநிதிகள் இல்லாமல் அதிகாரிகளின் கையில் இருந்தன. வட மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. வரி கேட்கத் தடையில்லை, கணக்குக் கேட்கத்தான் ஆள் இல்லை. 2025 ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் தெருவுக்கு வந்ததன் அடியிலும் இதே குறை இருக்கிறது: எங்கள் நிலத்தைப் பற்றிய முடிவில் எங்களுக்கு இடம் எங்கே?

வரி வசூலிக்க வேறு வழியும் உண்டு. சியரா லியோனின் தலைநகர் பிரீடவுனில் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீட்டு வரி திருத்தப்பட்டது. கூரை, சுவர் என்று வெளியே தெரியும் கூறுகளுக்குப் புள்ளி இட்டு வரி கணிக்கப்பட்டது. பெரிய வீட்டுக்கு அதிக வரி, சிறிய வீட்டுக்குக் குறைந்த வரி. வருவாயின் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று வட்டார மக்களிடமே கேட்கப்பட்டது. அந்த நாடும் உள்நாட்டுப் போரைக் கண்ட ஏழை நாடுதான்.

மன்னார் நகர சபையும் நான்கு பிரதேச சபைகளும் இதைத் தொடங்கலாம். வட்டாரம் வட்டாரமாக எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஆண்டுதோறும் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஒரு பங்கை மக்கள் கூட்டம் தீர்மானிக்கட்டும். கொழும்பும் தன் பங்குக்கு மாகாண சபைத் தேர்தலை நடத்தட்டும். இவற்றைச் செய்யாத அரசு, மக்களுக்கு வரி உணர்வு இல்லை என்று குறை சொல்லும் தகுதியை இன்னும் பெறவில்லை.