கடல் கடந்தோர் தேடும் சிற்றூர்

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் பழமொழி. காரைக்காலிலிருந்து கடல் கடந்தோர் நெடுங்காலம் இதனையே பின்பற்றி வந்தனர். வணிகம் நாடிய முஸ்லிம்கள் சைகோன், பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைமுக நகரங்களில் கடை விரித்தனர். 1962 ஆகஸ்டு 16இல் இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்த குடும்பங்களில் பல, பாரிஸையும் அதன் புறநகர்களையும் சென்றடைந்தன.

இன்று நம் இளைஞர் சிலரின் எண்ணம் வேறு திசையில் செல்கின்றது. பெருநகர வாடகை தாங்க இயலாதது. சிற்றூரிலோ தோட்டத்துடன் கூடிய வீடே குறைந்த விலைக்குக் கிடைக்கும். அங்கே குடியேறினால் என்ன என்று அவர்கள் வினவுகின்றனர். அயல்நாட்டு அரசுகளும் அவ்வழியே அழைக்கின்றன. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் நீங்கலான பகுதிகளில் வாழ ஒப்புவோர்க்கென ஆஸ்திரேலியா 2019 நவம்பரில் 491 என்னும் விசாவை ஏற்படுத்தியது. கனடாவும் அதே ஆண்டில் பதினொரு ஊர்களைத் தேர்ந்து, புதியோரை அங்கே குடியமர்த்தும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது.

இவ்வெண்ணத்தை நாம் வரவேற்கிறோம். எனினும், ஊரைத் தேர்ந்தெடுக்கையில் எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் ‘கிராமம்’ என்னும் ஒரே சொல் இரு வேறு நிலங்களில் இரு வேறு பொருள் தருகின்றது.

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் இரண்டு இலட்சத்தவர். நெடுங்காட்டிலோ நிரவியிலோ இருப்பவர்க்குக் காரைக்கால் நகரம் கூப்பிடு தொலைவே. பேருந்து உண்டு, தெருமுனையில் கடை உண்டு, துன்பம் நேர்ந்தால் ஓடிவர அண்டை வீட்டார் உண்டு. நம் மனத்தில் உள்ள கிராமம் இதுதான். நோர்வே நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பரப்பு 48,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்களோ ஏறத்தாழ 75,000 பேர். அதன் வடகரையில் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் எழுவதேயில்லை.

அந்த நிலத்திலும் தமிழர் குடியேறினர் என்பது வியப்புக்குரிய வரலாறு. 1956இல் நோர்வே சென்ற யாழ்ப்பாணத்து அந்தோணி இராஜேந்திரம் வழிகாட்டியாய் அமைய, அடுத்து வந்த ஆண்டுகளில் ஈழத் தமிழர் அங்குச் செல்லத் தலைப்பட்டனர். 1980களில் இனப்போர் மூண்டபின் எண்ணிக்கை பெருகியது. பின்மார்க்கின் கடலோர ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகள் ஆளின்றித் தவித்தன. உள்ளூர் இளைஞர் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தனர். அவ்விடத்தை நிரப்பியவர்கள் தமிழர். வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, ஊராரின் நன்மதிப்பும் கிடைத்தது. ஆயினும் நாளடைவில் அவர்களுள் பலர் ஆஸ்லோவை நோக்கிப் பெயர்ந்தனர். பிள்ளைகள் வளர வளர மேற்படிப்பு பற்றிய கவலை எழுந்தது. தமிழ் கற்பிக்கும் பள்ளியும், வழிபாட்டிடமும், உறவினரும், வேறு தொழிலுக்கான வாய்ப்பும் தலைநகரில் இருந்தன. உழைப்பவர்க்குப் போதுமானதாயிருந்த ஊர் குடும்பத்திற்குப் போதுமானதாய் இல்லை. இதுவே நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நம் கடற்கரையிலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தாம் வாழும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை; தோட்ட முதலாளியே அதனை முடிவு செய்தான். அத்தீவுகளில் இன்று தமிழ்ப் பெயர்கள் உள்ளன. கோவில்களும் சடங்குகளும் உள்ளன. வீட்டில் பேசும் மொழியாகத் தமிழ் இல்லை. அதே காலத்தை ஒட்டிச் சைகோன் நகரிலே ஒன்றுகூடி வாழ்ந்த தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அங்கே நிலைத்து நிற்கின்றது. விரும்பிச் சென்றவரையும் கட்டுண்டு சென்றவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் தகாது. ஆயினும் மொழியும் சமயமும் நிலைபெறச் சிலராவது கூடி வாழ வேண்டும் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன.

பிரான்சு நாட்டுச் சிற்றூர்களை எண்ணுவோர்க்கு ஒரு சொல். ‘கொம்யூன்’ என்பது நமக்குப் புதிய சொல் அன்று. நம் கொம்யூன் பஞ்சாயத்துகளே அதற்குச் சான்று. அங்கே மிகச் சிறிய கொம்யூனுக்கும் மேயர் உண்டு, ஊர்மன்றம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உடையோர் அத்தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். இது பெரிய வாய்ப்பு. ஆனால் மறுபக்கமும் உண்டு. மருத்துவர் ஓய்வு பெற்றால் மாற்று மருத்துவர் வாராத ஊர்கள் பல. அந்நாட்டார் இவற்றை ‘மருத்துவப் பாலைவனம்’ என்றே அழைக்கின்றனர். கார் இன்றி ரொட்டி வாங்கவும் இயலாத ஊர்களும் உள. 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து எழுந்த ‘மஞ்சள் மேலாடை’ப் போராட்டம், காரை நம்பியே வாழும் சிற்றூர் மக்களின் இடரை உலகறியச் செய்தது. மலிவான வீட்டின் விலையோடு இரண்டு கார்களின் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறெனின் சிற்றூரே வேண்டா என்பதா நம் கருத்து? அன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலுள்ள பிலோயிலா ஆறாயிரம் பேருக்கும் குறைவானோர் வாழும் சிறு நகரம். அங்குத் தஞ்சம் கோரி வாழ்ந்த ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் அழைத்துச் சென்றனர். ஊரார் வாளாவிருக்கவில்லை. நான்காண்டுகள் ஓயாது குரல் கொடுத்தனர். 2022 சூன் திங்களில் அக்குடும்பம் அவ்வூருக்கே திரும்பியது. பெருநகரத்தில் ஆயிரம் முகங்களுள் ஒன்றாய் மறைந்து போகும் குடும்பத்தைச் சிற்றூர் பெயர் சொல்லி அறிகின்றது. இப்பேற்றை எந்தச் சம்பளமும் விலைக்கு வாங்கித் தாராது.

ஆகவே நாம் முன்வைக்கும் அளவுகோல் இதுதான். ஊரைப் பொருளீட்டுபவரின் கண்கொண்டு பார்த்தல் போதாது. பகலெல்லாம் வீட்டில் தனித்திருக்கும் மனைவியின் கண்கொண்டும், மொழி அறியாத முதியோரின் கண்கொண்டும், பள்ளி செல்லும் பிள்ளையின் கண்கொண்டும் பார்த்தல் வேண்டும். கார் ஓட்டத் தெரியாத பெண் தானாகவே மருத்துவரிடம் செல்ல இயலுமா? அவளுக்கும் கற்கவும் உழைக்கவும் வாய்ப்பு உண்டா? பிள்ளையின் மேல்நிலைப் படிப்புக்குப் பள்ளி அருகில் உள்ளதா? தாய்மொழி பேச இரண்டு மூன்று குடும்பங்களேனும் உள்ளனவா? வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கோ, கோவிலுக்கோ, தேவாலயத்துக்கோ எவ்வளவு தொலைவு? இவற்றுக்கு விடை கண்டபின்னரே வீட்டின் விலையைக் கேட்டல் முறை.

பெருநகரமும் வேண்டா, யாருமற்ற தனியூரும் வேண்டா; இரயில் நிலையமும் மருத்துவமனையும் மேல்நிலைப் பள்ளியும் உள்ள சிறு நகரை அடுத்த சிற்றூரே நம்மவர்க்கு ஏற்றது என்பது நம் துணிபு. கோடையில் கண்ட அழகில் மயங்காது, குளிர்காலத்திலும் ஒருமுறை சென்று பார்த்தல் நலம். ஓராண்டு வாடகைக்கு இருந்து பின்னரே வீடு வாங்கல் அறிவுடைமை. சென்ற ஊரின் மொழியை முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர் வீட்டிலிருக்கும் பெண்ணே என்பதையும் மறத்தலாகாது.

நம் முன்னோருள் ஒரு சாரார்க்கு ஊரைத் தேரும் உரிமையே இருந்ததில்லை. நம் இளைஞர்க்கு அது வாய்த்துள்ளது. வீட்டிலுள்ள எளியவரை முன்னிறுத்தி அவ்வுரிமையைக் கையாளுமாறு அவர்களை நாம் வேண்டுகிறோம்.